போற்றிகளை எங்கே ஒட்டுவது?

உயிர் எழுதிய ஏடு: வரலாற்றுத் தொடர் – 23

ரொனால்ட் ராஸின் கொசுவை முந்தைய பகுதிகளில் பார்த்தாயிற்று. 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தை ஒட்டிய பேகம்பேட்டில், அவர் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அங்கிருந்து கிழக்கே போய்த் தார்நாகாவைத் தாண்டினால் ஹப்சிகூடா. உப்பல் சாலை மேலேயே சிசிஎம்பி. உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் என்ற முழுப் பெயரை அந்த ஊர் ஆட்டோக்காரர்களும் சொல்வதில்லை. இந்தப் பகுதி அந்த வளாகத்தைச் சுற்றித்தான்.

பழ ஈயின் ஜீனோமை முதன்முதலாகப் படித்த ஊர் ஹைதராபாத் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதற்கெடுத்தாலும் 'இந்திய விஞ்ஞானி சாதனை' என்று தலைப்புப் போடுவது நமக்குப் பழகிவிட்டது. ஈயைப் படித்தவர்கள் அமெரிக்காவில் மேரிலாந்திலும் பெர்க்லியிலும் இருந்தார்கள். படிக்கப் படிக்க அவர்களுக்குப் பிடிபடாமல் நழுவி, கடைசியில் ஓரமாக ஒதுக்கப்பட்ட ஒரு பகுதி உண்டு. அதன் மேல் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பிருந்தே கண் வைத்திருந்த ஒருவர் ஹைதராபாத்தில் இருந்தார்.

1998 மே மாதம். நியூயார்க் அருகே கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ஜீனோம்காரர்களின் கூட்டம். கிரெய்க் வென்டர் புதிதாக நிறுவனம் தொடங்கி மனித ஜீனோமையே மூன்று வருடத்தில் முடித்துக் காட்டுவேன் என்று அறிவித்திருந்த நேரம். அரங்கில் பாதிப் பேர் அவர்மேல் கோபமாக இருந்தார்கள். பெர்க்லியில் பழ ஈத் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்த ஜெரால்டு ரூபினைத் தனியே சந்தித்த வென்டர், மனிதனுக்கு முன் உங்கள் ஈயில் ஒத்திகை பார்க்கலாமா என்று கேட்டார். ரூபின் சம்மதித்தார். கூட்டத்தின் மனநிலையைப் பார்த்தால் அது துணிச்சலான சம்மதம்தான்.

வென்டரின் செலரா நிறுவனம் கையாண்ட வழிக்கு 'ஷாட்கன்' என்று பெயர். டிஎன்ஏ-யை ஒரே நீட்டில் படிக்கும் கருவி அன்று கிடையாது. ஒரு தடவைக்கு ஏறத்தாழ 500 எழுத்து படிக்கலாம், அவ்வளவுதான். பழ ஈயின் ஜீனோமோ சுமார் 18 கோடி எழுத்து. ஆகவே அதன் பல பிரதிகளைத் தாறுமாறாகத் துணுக்காக்கி, கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, எந்தத் துணுக்கின் வால் எந்தத் துணுக்கின் தலையோடு பொருந்துகிறது என்று கணினியைத் தேடவிட வேண்டும். 

கோயில் வாசலில் விற்கும் நூற்றெட்டுப் போற்றிப் புத்தகத்தில் பத்துப் பிரதி வாங்கி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்தில் கிழித்து, எல்லாவற்றையும் கலந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் சாமியின் பெயர் ஏதாவது இருந்தால் அதை இன்ன இடம் என்று ஒட்டிவிடலாம். வெறும் 'போற்றி போற்றி' மட்டும் உள்ள துண்டை எங்கே ஒட்டுவது? நூற்றெட்டு இடத்திலும் அது பொருந்தும். தப்பான இரண்டு போற்றிகளைச் சேர்த்து ஒட்டினால் நடுவிலுள்ள பத்து வரி காணாமல் போய்விடும், புத்தகமும் பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருக்கும். 

பல உயிர்களின் ஜீனோமில் போற்றிகள் ஏராளம். ஒரே நான்கு எழுத்து நூறு தடவை, ஒரே ஐயாயிரம் எழுத்து பல இடங்களில், இப்படி. 1997-இல் ஜேம்ஸ் வெபரும் யூஜின் மயர்ஸும் மனித ஜீனோமையே ஷாட்கன் முறையில் முடிக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். முடியவே முடியாது, போற்றிகள் கழுத்தை நெரித்துவிடும் என்கிற பொருளில் ஃபில் கிரீன் அதே இதழில் மறுத்து எழுதினார். அந்த மயர்ஸைத்தான் வென்டர் தன் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார்.

மயர்ஸின் தந்திரம் எளிமையானது. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனைகளையும் படி. நடுவில் உள்ளதை விட்டுவிடு. துண்டின் நீளம் மட்டும் தெரிந்திருந்தால் போதும். 2,000 எழுத்துத் துண்டுகள், 10,000 எழுத்துத் துண்டுகள், இன்னும் நீளமாக 1,30,000 எழுத்துத் துண்டுகள் என மூன்று வகை வைத்துக்கொண்டார்கள். ஒரு முனை போற்றிக்கு இந்தப் பக்கமும் மறு முனை அந்தப் பக்கமும் விழுந்தால், நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே பாலம் போட்டுவிடலாம். நிரலின் முதல் வேலையே போற்றிகளை அடையாளம் கண்டு ஒதுக்குவது. சந்தேகமே இல்லாத பகுதிகளை முதலில் கோத்து, பிறகு இடைவெளிகளை நிரப்பினார்கள். நிரப்புவதிலும் மூன்று தரம்: நல்ல ஆதாரம் உள்ளவை 'பாறைகள்', ஒரே ஒரு இணைப்பின் பலத்தில் நிற்பவை 'கற்கள்', இணைப்பே இல்லாமல் ஓரப் பொருத்தத்தை நம்பிச் செருகப்படுபவை 'கூழாங்கற்கள்'. ஆய்வுக் கட்டுரையிலேயே இந்தப் பெயர்கள்தான் இருக்கின்றன.

எந்த ஈ என்பதிலும் கவனம் தேவைப்பட்டது. தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளுக்குள் வித்தியாசம் இருந்தால் கணினி குழம்பும். அதனால் இரண்டு பிரதியும் ஒன்றாகவே இருக்கும்படி வளர்க்கப்பட்ட ஒரு வம்சத்தை எடுத்தார்கள். மஞ்சள் உடம்பு, வெள்ளைக் கண். 1999 மே முதல் சில மாதங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட துணுக்குகள் படிக்கப்பட்டன. 2000 மார்ச் 24 'சயன்ஸ்' இதழில் முடிவு வெளியானது: 13,601 மரபணுக்கள். கிரீன் பயந்தபடி நடக்கவில்லை. துணுக்குகளைக் கோத்தெடுத்த கோவை வெற்றி.

ஆனால் அந்த வெற்றியின் அளவைப் பாருங்கள். 18 கோடியில் கோக்கப்பட்டது 12 கோடி. மீதி 6 கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு, 'ஹெட்டிரோகுரோமட்டின்' என்ற பெயரில் வெளியே நின்றது. குரோமோசோம்களின் நடுப்பகுதியும் ஏறக்குறைய முழு Y குரோமோசோமும் இதில் சேர்த்தி. போற்றிகள் இறுகிக் கிடக்கும் இடம். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் அன்றைய பொது அபிப்பிராயம். சிலர் 'குப்பை' என்றே சொன்னார்கள்.

இனி ஹைதராபாத். கதையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

நியூயார்க்கில் தாமஸ் ஹண்ட் மார்கன் பழ ஈ வளர்த்த அறையைப் பற்றி இந்தத் தொடரில் நிறையப் பேசியிருக்கிறோம். அந்த அறையின் மாணவர் ஹெர்மன் முல்லர், எக்ஸ் கதிரால் மரபணுக்களை மாற்றிக் காட்டியவர். 1930-களின் கடைசியில் முல்லர் எடின்பரோவில் இருந்தபோது அவரிடம் ஈ ஆராய்ச்சி செய்தார் ஒரு வங்காளி, எஸ். பி. ராய் சவுத்ரி. இந்தியா திரும்பிய அவர் பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கே அவரிடம் சேர்ந்த மாணவர்களில் ஒருவர், ஜௌன்பூர் மாவட்டத்துக் கல்வாரி கிராமத்தில் 1947-இல் பிறந்த லால்ஜி சிங். குருவின் குரு ஈக்காரர். சீடன் கையில் கிடைத்ததோ பாம்பு. பல பாம்புகளில் பால் நிர்ணயம் நம்மைப் போல் இல்லை. ஆணுக்கு இரண்டு பால் குரோமோசோமும் ஒரே மாதிரி, பெண்ணுக்குத்தான் மாறுபட்ட ஒரு குரோமோசோம். அதன் பெயர் W. பெண் பாம்பின் செல்லில் அந்த W இறுகிச் சுருண்டு கறுப்புப் பொட்டாக நிற்பதைத்தான் லால்ஜி சிங் மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

1974-இல் அவர் எடின்பரோ போனார், கென் ஜோன்ஸிடம். அங்கே பட்டைக் கட்டுவிரியனின் பெண் டிஎன்ஏ-யிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'பிகேஎம்' என்றார்கள். பின்னால் எழுத்தெண்ணிப் படித்தபோது அதன் சாரம் நான்கே எழுத்து: G, A, T, A. காடா, காடா, காடா என்று திரும்பத் திரும்ப. எந்தப் புரதத்துக்கும் அது செய்முறை இல்லை. ஆனால் பாம்பின் W-வில் குவிந்திருந்த அதே தொடர் எலியின் Y-யிலும் இருந்தது. பழ ஈயிலும் இருந்தது. பாம்புக்கும் ஈக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து ஐம்பது கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. வேலையில்லாத ஒன்று இப்படி இடம் பார்த்து உட்காருமா? இந்தக் கேள்வியோடுதான் அவர் 1987-இல் ஹைதராபாத் வந்தார்.

சிசிஎம்பி அப்போது இளம் நிறுவனம். புஷ்பா பார்கவா 1977-இல், அங்கிருந்த வட்டார ஆய்வுக்கூடத்தின் உயிர்வேதியியல் பிரிவிலிருந்து அதைப் பிரித்து வளர்த்தார். பார்கவா பிடிவாதக்காரர், சண்டைக்காரர், நல்ல ஆளைக் கண்டால் விடாதவர். புதிய வளாகத்தை 1987 நவம்பர் 26 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தவர் பிரதமர் ராஜீவ் காந்தி. அங்கே லால்ஜி சிங்கின் காடா தொடர் முதலில் வேறொரு வேலைக்குப் போனது. அது எத்தனை தடவை திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே அதையே வைத்து டிஎன்ஏ ரேகை எடுக்கலாம். இந்திய நீதிமன்றங்களில் குழந்தை யாருடையது என்ற வழக்குகளில் அது சாட்சி சொன்னது. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு, வெடிக்கச் செய்த பெண்ணின் உடல் பாகங்களை அடையாளம் காணும் பணியும் இதே சிசிஎம்பி-க்கு வந்தது. கட்டடத்தைத் திறந்துவைத்தவரின் கொலை வழக்கு.

கோக்க முடியாத குப்பை, ஆள் அடையாளம் சொல்கிறது. சரி. ஆனால் அது ஈக்கும் பாம்புக்கும் என்ன செய்கிறது என்ற மூலக் கேள்வி அப்படியே கிடந்தது.

அதற்குள் மேற்கே ஒதுக்குக் கூடையைக் கிளறுகிறவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். ரியோ டி ஜெனிரோவின் பெர்னார்டோ கார்வாலோ எனக்கு மிகவும் பிடித்தவர். செலராவின் கோவையில் எந்தக் குரோமோசோமிலும் சேராமல் உதிரியாகக் கிடந்த துணுக்குகளை அவர் எடுத்துக்கொண்டார். ஆண் ஈயின் விந்து வாலை அசைக்கும் புரதங்களின் சாயல் அவற்றில் தெரிகிறதா என்று தேடினார். தெரிந்தால், அந்தத் துணுக்கு ஆண் ஈயில் மட்டும் இருக்கிறதா, பெண்ணிலும் இருக்கிறதா என்று சோதித்தார். ஆணில் மட்டும் இருந்தால் அது Y. இப்படி, கோவைக்கு வெளியே கிடந்த மரபணுக்களை 2000-லேயே எடுத்துக் காட்டத் தொடங்கினார். புது இயந்திரம் ஒன்றும் வாங்கவில்லை. எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த தரவுதான்.

இன்னொரு உதாரணம் நம் நாட்டுக்கும் உரியது. 2007 நவம்பரில் பன்னிரண்டு பழ ஈ இனங்களின் ஜீனோம்கள் ஒன்றாக ஒப்பிட்டு வெளியிடப்பட்டன. அதில் ஒன்று டிரோசோஃபிலா அனனாசே, நம் ஊர்ச் சந்தைகளில் அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் இனம். ஈயின் உடம்புக்குள் வசிக்கும் உல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் டிஎன்ஏ-யும் படிப்பின்போது கலந்து வரும். ஈயைக் கோக்கும்போது அதைக் கலப்படம் என்று எடுத்தெறிவது முறை. ஜூலி டன்னிங் ஹாட்டாப்பின் குழு அதே ஆண்டு வேறொன்றைக் காட்டியது: பாக்டீரியாவின் ஜீனோம் ஏறக்குறைய முழுதாக, 10 லட்சம் எழுத்துக்கு மேல், ஈயின் குரோமோசோமுக்குள்ளேயே குடியேறியிருந்தது. பாக்டீரியாவை மருந்து கொடுத்துக் கொன்ற பிறகும் அந்த எழுத்துகள் மறையவில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போயின. ஹவாய் ஈயில் பார்த்தார்கள், மலேசியா, இந்தோனேசியா ஈக்களில் பார்த்தார்கள், இந்திய ஈயிலும் இருந்தது.

ஹைதராபாத்தில் இந்தக் கேள்விக்குள் ஈ வந்தது 2001-இல், ராகேஷ் மிஸ்ராவோடு. ஜெனீவாவில் பழ ஈயின் 'பைதொராக்ஸ்' மரபணுக் கூட்டத்தில் வேலை செய்துவிட்டு அவர் சிசிஎம்பி-யில் சேர்ந்தார். ஈயின் உடம்பில் எந்த வளையத்தில் எது முளைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டம் அது. அங்கே மரபணுவைவிட மரபணுக்களுக்கு இடையிலுள்ள வேலி முக்கியம். ஒரு பகுதியின் உத்தரவு பக்கத்துப் பகுதிக்குக் கேட்டுவிடக் கூடாது. வேலி பழுதானால் ஒரு வளையம் அடுத்த வளையமாக மாறிவிடும். வேலி தேடும் மிஸ்ராவும் காடா தேடும் லால்ஜி சிங்கும் ஒரே தாழ்வாரத்தில் நடமாடினால் பேச்சு எங்கே போகும் என்று ஊகிக்கலாம். லால்ஜி சிங் அப்போது மையத்தின் இயக்குநர்.

முதலில் கணினியில் பார்த்தார்கள். சுப்பையா சுப்ரமணியன், மிஸ்ரா, லால்ஜி சிங் மூவரும் 2003-இல், அதுவரை படிக்கப்பட்ட ஜீனோம்களில் காடா எங்கெங்கே இருக்கிறது என்று துழாவினார்கள். எழுபதுகளில் ஒரு பாம்புக்கு வருடக்கணக்கில் உழைத்த வேலை. மனிதனின் Y-யில் அது குறிப்பாகக் குவிந்திருந்தது. சிதறலும் கண்டபடி இல்லை.

பிறகு ஈ. பழ ஈ வளர்ப்பது செலவில்லாத காரியம்: மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் என்பது உலக வழக்கம். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் லிட்டருக்கு 100 கிராம் ரவை, 100 கிராம் வெல்லம் போட்டு அகரோடு காய்ச்சுவார்கள். பூஞ்சை வராமலிருக்க புரோபியானிக் அமிலமும் கொஞ்சம் விழும், அது இல்லாவிட்டால் நாமே சாப்பிடலாம். வேலிச் சோதனையின் வழக்கமான வடிவம் இது: கண்ணுக்குச் சிவப்பு தரும் மரபணுவை ஈக்குள் செலுத்துவார்கள், அதைத் தூண்டிவிடும் 'என்ஹான்சர்' துண்டோடு. இரண்டுக்கும் நடுவே சோதிக்க வேண்டிய தொடரை வைப்பார்கள். ஈயை மயக்கிக் கண்ணைப் பார்த்தால் முடிவு தெரியும். கண் வெளிறியிருந்தால் நடுவில் வைத்தது வேலி, தூண்டுதலைத் தடுத்துவிட்டது. பிறகு அந்தத் தொடரை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, நிறம் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்போதுதான் பழி வேறெதன் மீதும் விழாது.

2013-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஹைதராபாத் குழு முடிவை வெளியிட்டது: காடா தொடர் பழ ஈயிலும் மனித செல்லிலும் வேலியாக நிற்கிறது. ஆசிரியர் பட்டியலில் லால்ஜி சிங்கும் உண்டு. எடின்பரோவில் பாம்பு டிஎன்ஏ-யைப் பிரித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எல்லாப் போற்றிக்கும் வேலை இருக்கிறது என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. பெரும்பாலானவை சும்மாதான் கிடக்கின்றன என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் வலுவான காரணங்கள் உண்டு. கோக்கும் நிரல் முதலில் ஒதுக்கிய ஒன்று, இந்த ஒரு இடத்திலாவது, காவல் வேலை பார்த்தது என்பதே நிரூபணமானது. லால்ஜி சிங் 2017 டிசம்பர் 10 அன்று காலமானார்.

இதற்கிடையே கருவிகள் மாறிவிட்டன. ஒரே மூச்சில் பத்தாயிரக்கணக்கான எழுத்துகளைப் படிக்கும் நீள வாசிப்பு வந்தது. போற்றிகளின் ஒரு கரையில் இறங்கி மறு கரையில் ஏறும் அளவுக்குத் துண்டு நீளமானால், பாறை, கல், கூழாங்கல் எல்லாம் தேவைப்படாது. கூடவே 'ஹை-சி' என்றொரு முறை: செல்லுக்குள் எந்தப் பகுதி எதற்கு அருகே மடிந்து கிடக்கிறது என்பதை வைத்து, குரோமோசோம் நீளத்துக்குத் துண்டுகளை வரிசையாக அடுக்கலாம்.

இதன் பயன் ராஸ் தேடிய மலேரியாக் கொசுவுக்கே திரும்பியது. அனோஃபிலிஸ் ஸ்டெஃபன்சி நகரத்து மலேரியாக் கொசு. சென்னையின் மொட்டை மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் கட்டுமான இடத்துச் சிமென்ட் தொட்டியிலும் முட்டையிடுவது. 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. இலங்கை மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்ட 2016-ஆம் ஆண்டின் கடைசியில் மன்னாரில் தென்பட்டது. அதன் முதல் ஜீனோம் 2014-இல் வந்தபோது 22.1 கோடி எழுத்து, 20,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாக. 2021-இல் கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகக் குழு, மஹுல் சக்ரவர்த்தி முதலானோர், இந்திய வழி வந்த ஒரு வம்சத்தை நீள வாசிப்பும் ஹை-சியும் கொண்டு குரோமோசோம் அளவில் கோத்தார்கள். பூச்சிமருந்தைத் தாங்கவைக்கும் மரபணுக் குடும்பங்களில் அதுவரை மறைந்திருந்த 29 உறுப்பினர்கள் வெளியே வந்தார்கள். Y-யில் 24 லட்சம் எழுத்து கிடைத்தது. எந்த மலேரியாக் கொசுவிலும் அதுவரை அவ்வளவு கிடைத்ததில்லை.

அடுத்த ஆண்டு சென்னைக் கொசு. 2016-இல் சென்னையில் ஒரு கட்டுமான இடத்தில் பிடித்த கொசுக்களின் வம்சம் 'இண்ட்-சிஹெச்' என்ற பெயரில் பெங்களூரில் கோக்கப்பட்டது. மரபியல் மற்றும் சமூகத்துக்கான டாடா நிறுவனமும் சுபாஷிணி சீனிவாசன் பணிபுரியும் உயிரித் தகவலியல் நிறுவனமும் சேர்ந்து. நீளமான நான்கே துண்டுகளில் பாதி ஜீனோம் அடங்கிவிட்டது. இந்த இனத்தின் இரண்டாம் குரோமோசோமில் 1 கோடியே 65 லட்சம் எழுத்து நீளத்துக்கு ஒரு பகுதி சில கொசுக்களில் தலைகீழாகத் திரும்பியிருக்கும். பலவகைச் சூழலைத் தாங்கும் திறனோடு அதற்குத் தொடர்பு உண்டு. அர்வைன் வம்சத்தில் இரண்டு பிரதியும் திரும்பியவை, சென்னை வம்சத்தில் இரண்டும் நேர், ஏற்கெனவே கோக்கப்பட்டிருந்த மூன்றாவது ஒன்றில் ஒன்று நேர், ஒன்று தலைகீழ். மூன்றையும் பக்கத்தில் வைத்ததும் திருப்பம் எந்த எழுத்தில் தொடங்கி எந்த எழுத்தில் முடிகிறது என்று தெரிந்துவிட்டது. பல ஊர்களில் பிடித்த 82 கொசுக்களைப் படித்துப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்கு இரண்டையும் ஒருசேர வைத்திருந்தன. அந்த டாடா நிறுவனத்துக்கு 2021-இல் இயக்குநராகப் போனவர், சிசிஎம்பி-யில் ஐந்து வருடம் இயக்குநராக இருந்துவிட்டு ஓய்வுபெற்ற ராகேஷ் மிஸ்ரா.

அர்வைன்காரர்கள் இந்தக் கொசுவை இவ்வளவு மெனக்கெட்டுக் கோத்ததற்குக் காரணம் உண்டு. 2015-இலேயே அவர்கள் அதற்குள் ஒரு மரபணுவை, பிள்ளைகள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்படி, பொருத்திக் காட்டியிருந்தார்கள். அந்தக் கொசுவை வெளியே விடலாமா, விட்டால் யாரைக் கேட்டு விடுவது என்ற வழக்கு அடுத்த பகுதியில்.